பொடி, ஊறுகாய் போட்டு விற்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம். பேசப்போவது ஒன்றே ஒன்று: நாம் விற்கும் பொருளின் பையும் பாட்டிலும்.

பளபளக்கும் வெள்ளி நிறப் பை பார்க்க அழகுதான். ஆனால் அதில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. பிரிப்பது பெரும்பாடு, அதனால் பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்த பை என்றால் மறுசுழற்சிக்கு வழியுண்டு. பை வாங்கும் கடையிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில்தான் சரி. லேபிளை மைதா பசையில் ஒட்டுங்கள், தண்ணீரில் ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். போன மாதம் திரும்பி வந்த பாட்டில்களில் கெட்டிப் பசையைச் சுரண்டியே என் நகம் போனது! காலி பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு 10 ரூபாய் குறைக்கலாமா? யோசித்து வாருங்கள்.

வாங்க வருபவர்களுக்கு: பிளாஸ்டிக் கைப்பை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மஞ்சப்பையோ தூக்குவாளியோ எடுத்து வாருங்கள்.

அப்புறம், கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் பயன்படுத்தும் பையில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். கிழித்துப் பார்ப்போம்.