கண்மாய்க் கரைப் பனங்கன்றுகளுக்கு அடையாளக் கல்: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் பெரியோர்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று பிழைப்புக்காகப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. சாயல்குடி, கடலாடி பக்கமெல்லாம் பனம்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் சாக்குப் பையோடு மந்தையில் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. “எப்ப மாமா போறோம்?” என்று கேட்டார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் நின்றோம். காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கரையில் பனை விதை ஊன்றுகிற இந்த வேலை 2023 ஆவணியில் ஆரம்பித்தது. அந்த வருஷம் கண்மாய்க் கரையில் 600 விதை, மறு வருஷம் 900, போன வருஷம் 700. எல்லாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் பொறுக்கியது, சுமந்தது, ஊன்றியது. பெரியவர்கள் கடப்பாரை போட்டு ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்துக் கொடுப்போம். அவர்கள் விதையின் கண் மண்ணைப் பார்க்கிற மாதிரி வைத்து மூடுவார்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் பத்தடி. அளக்க எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவின் பழைய கொடிக் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். இன்றுவரைக்கும் அதுதான் எங்கள் அளவுகோல்.

பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். புரட்டாசிக்குள் ஊன்றிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும். சல்லிவேர் விட்டுக் கரை மண்ணை இறுக்கிப் பிடிக்கும் என்பதால்தான் நம் பாட்டன்மார் கண்மாய்க் கரையெல்லாம் பனையாக வைத்தார்கள். அதில் பெரும்பகுதியைச் செங்கல் சூளைக்கு விறகாக அனுப்பியது நம் தலைமுறை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் தென்னந்தோப்புகள் சரிந்து கிடக்க, பக்கத்திலேயே பனைகள் நின்றதை நிவாரணச் சாமான் கொண்டுபோன நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்து முளைத்ததுதான் இந்த வேலை.

முதல் வருஷப் பொங்கலுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஊன்றி நாலு மாசம் ஆனதும் மண்ணுக்குள்ளே கிழங்கு இறங்கியிருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “நாலே நாலு தோண்டிக்கிறேனே” என்று கெஞ்சினான். கிழங்கைப் பிடுங்கினால் மரம் இல்லை. அவன் கேட்டதிலும் தப்பில்லை, பொங்கலுக்குப் பனங்கிழங்கு இல்லாமல் எப்படி? பிள்ளைகளே உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கரையில் ஊன்றுவது மரத்துக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு பாத்தி போட்டு ஊன்றுவது கிழங்குக்கு. அடுத்த இரண்டு பொங்கலுக்கும் அந்தப் பாத்திக் கிழங்கை அவித்துத் தின்றது போக, மிச்சத்தைக் கட்டுக் கட்டாக விற்று மண் உண்டியலில் போட்டு வைத்தார்கள். இந்த மாதம் உண்டியலை உடைத்து எண்ணிப் பார்த்தோம். 3,470 ரூபாய். அதை அப்படியே குழுவின் கையில் கொடுத்துவிட்டார்கள். கிழங்கு வந்தபிறகு கொட்டையைப் பிளந்து உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற தவுன் தின்றதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கூலி.

போன வருஷம் பங்குனியில் கரைப்புல்லில் தீ பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கன்று நின்ற இடமெல்லாம் கரிக்கட்டையாகக் கிடந்தது. பிள்ளைகள் அழுததைப் பார்த்து, அந்தக் காலத்தில் பனை ஏறிய நம் தாத்தா ஒருவர்தான் சொன்னார்: “குருத்து இன்னும் மண்ணுக்குள்ளதான்யா இருக்கு. மழை வரட்டும், பாருங்க.” சொன்னது போலவே ஐப்பசி மழைக்குப் பிறகு கரிக்கு நடுவே பச்சை எழும்பியது. இளம் பனைக்கு முதலில் விசிறி ஓலை வராது. மடித்த கத்தி மாதிரி ஒற்றை ஓலைதான் நேராக நிற்கும். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மழையிலேயே நின்ற பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்த வேண்டியிருந்தது. இந்தத் தைப் பொங்கலுக்கு எண்ணினோம். 2,200 விதையில் 1,040 கன்று உயிரோடு நின்றது. பாதிகூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். தீயும் ஆடும் கடந்து நின்ற கணக்கு இது.

தீக்குப் பிழைத்த கன்று இயந்திரத்துக்குப் பிழைக்கவில்லை.

இந்த வைகாசியில் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. நல்ல வேலை, நாமே மனுக் கொடுத்துக் கேட்ட வேலை. ஆனால் மடைக்குத் தெற்கே பொக்லைன் ஒரே நாளில் மேல்மண்ணை வழித்துவிட்டது. மண்ணோடு 187 கன்று போய்விட்டது. குருத்தும் கிழங்கும் சேர்ந்து பெயர்ந்து வந்தால் பனை மறுபடி துளிர்க்காது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் மண் குவியலுக்குள் கைவிட்டுத் தேடி, வெள்ளை வேரோடு கிடந்த பதினோரு கன்றை எடுத்து வேறு இடத்தில் நட்டார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வண்டி ஓட்டிய தம்பிக்கு அது புல்லாகத்தான் தெரிந்திருக்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒற்றை ஓலையை யார் பனை என்று அடையாளம் காண்பார்கள்? வளர்ந்த பனைக்கு இன்று காவல் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்த போதே, மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மரத்துக்குத்தான் அந்தக் காவல் உதவும். கன்றுக்கு நாம்தான் அடையாளம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அவர்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். கல் நட வேண்டியது நம் பங்கு. நாம் செய்யவில்லை. குழுவில் இருக்கிற எங்களுக்கு அந்த உறுத்தல் நிறைய இருக்கிறது.

இந்த வருஷம் மூன்று காரியம் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். ஊராட்சியிலும் தீர்மானம் போட்டாகிவிட்டது.

முதலாவது, அடையாளக் கல். கரை நெடுக வரிசை தொடங்கும் இடம், முடியும் இடம், வளைவு எல்லாவற்றிலும் சேர்த்து 60 கல்கால். கல், ஏற்றுக்கூலி, நடுகூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 350 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். ஆக 21,000. அதில் வெள்ளையடித்து எண் எழுதுவது பிள்ளைகள் வேலை. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, தீயும் ஆடும். மாசிக்கு முன்னால் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம் கன்று வரிசையின் இருபக்கமும் புல் அறுக்க 15,000. மாசி முதல் ஆனி வரை ஐந்து மாதம் கரையைச் சுற்றிவர ஒரு காவலாளுக்கு மாதம் 4,000 வீதம் 20,000. வேலி அடைக்கச் சீமைக்கருவேல முள் கண்மாய்க்குள்ளேயே வேண்டிய மட்டும் கிடக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், வெட்டிக் கட்ட இளவட்டங்கள் கை கொடுத்தால் போதும்.

மூன்றாவது, பிள்ளைகள். விதைக் குவியலில் தேளும் பூரானும் இருக்கும். போன வருஷம் ஒரு பையனைத் தேள் கொட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இனி வெறும் கையோடு ஒரு பிள்ளையையும் விதை பொறுக்க விடக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறோம். கையுறை, தொப்பி, முதலுதவிப் பெட்டிக்கு 8,000. பத்து ஞாயிற்றுக்கிழமைக்குச் சுண்டலும் பானகமும் 12,000. பக்கத்து ஊர்களிலிருந்து விதை கொண்டுவரச் சின்ன யானை வண்டி வாடகை ஆறு நடைக்கு 9,000.

மொத்தம் 85,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் சேர்ந்து 15,000 போட்டிருக்கிறோம். பிள்ளைகளின் உண்டியல் பணம் 3,470. மீதி 66,530 ரூபாய் உங்களிடம் கேட்கிறோம். ஒரு கல்லுக்கு 350 கொடுத்தாலும் சரி, ஒரு ஞாயிறு சுண்டலுக்கு 1,200 கொடுத்தாலும் சரி. நூறு ரூபாய் கொடுக்கிறவர்களுக்கும் ரசீது உண்டு. கல்லில் கொடுத்தவர் பெயர் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கல்லில் வரிசை எண்ணும், விதை ஊன்றிய வருஷமும் மட்டும் இருக்கும். கொடுத்தவர்கள் பெயரும் தொகையும் வரவு செலவுக் கணக்கும் மாதாமாதம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும், வாட்ஸ்அப் குழுவிலும் வரும்.

சில பெற்றோர் கேட்டதற்குப் பதில். பள்ளிக்கூட நாளில் இந்த வேலை கிடையாது. ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பதரை வரை மட்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்ப்பதில்லை. அரிவாள், கடப்பாரை பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. தண்ணீர்ப் பக்கம் பெரியவர்கள் மட்டும்தான் நிற்போம். வர விருப்பமில்லாத பிள்ளையை யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

இந்தக் கன்றுகளில் எது ஆண் பனை, எது பெண் பனை என்று பாளை விடும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பல வருஷம் ஆகும். இப்போது கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்கிற பெண் அன்றைக்கு எந்த ஊரில் இருப்பாளோ. “எங்க வரிசையில முத நுங்கு யாருக்கு?” என்று பிள்ளைகள் இப்போதே சண்டை போடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இருக்கிற சின்னவனுக்கு என்று சீட்டுக் குலுக்கி முடிவும் செய்துவிட்டார்கள்.

நன்கொடையை ஆவணி 15க்குள் குழுப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வழியாகக் கொடுத்தனுப்பலாம். கல் நடுவது ஆவணி மூன்றாம் ஞாயிறு. விதை ஊன்றுவது புரட்டாசி முதல் ஞாயிறு, மடைக்குத் தெற்கே, பொக்லைன் வழித்த அதே இடத்தில். ஊரில் இருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள். குழி எடுக்க ஆள் குறைவாக இருக்கிறது.

இப்படிக்கு,
கண்மாய்க் குழுவினர்