ஸ்க்ரூ தலையில் ஒட்டிய ஸ்டிக்கர்: கிராபிக்ஸ் கார்டு சேவை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேவை மையங்களை நடத்துபவர்களுக்கும், வாரண்டி விதிகளை எழுதும் கார்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். மதுரையில் 11 வருடமாக டெஸ்க்டாப் கணினி சேர்த்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஒரே ஒரு விஷயம் கேட்க எழுதுகிறேன். ஒரு கார்டைத் திறந்து, தூசி தட்டி, சிப்பின் சூட்டை மேலே இருக்கும் உலோக ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினார்கள் என்பதற்காக வாரண்டியை மறுக்காதீர்கள்.

2023 சித்திரையில், கட்டடக்கலை படிக்கும் மாணவர் ஒருவர் தன் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்தார். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போட்டால், அதாவது வடிவமைத்ததைப் படமாக்கினால், இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஃபேன் முழு வேகத்தில் அலறும், திரை கறுத்துப்போகும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை சேஃப் மோடில் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒரே கேபிளின் இரண்டு தலைகளையும் கார்டில் செருகியிருந்தார்கள். அதை மாற்றி, பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்தேன். என் மேசையில் இருக்கும் 850 வாட் பவர் சப்ளையிலும் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

வெப்பநிலையைக் கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிப் 72 டிகிரி காட்டியது. அதே சிப்பின் மிகச் சூடான இடம், அதாவது ஹாட்ஸ்பாட், 105 காட்டியது. நல்ல கார்டில் இந்த இரண்டுக்கும் நடுவே 10, 15 டிகிரிதான் இருக்கும். 33 என்றால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, இல்லையென்றால் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. மெமரி 110-ஐத் தொட்டிருந்தது. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி கொண்ட அந்தக் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் எல்லை அது.

பேஸ்ட் மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களில் ஒன்றின் தலையில், திறந்தால் கிழியும் வாரண்டி ஸ்டிக்கர் இருந்தது. மூன்று வருட வாரண்டி முடியவும் இன்னும் நாள் இருந்தது. கை வைக்காமல் சேவை மையத்துக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து, "பழுது எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது.

அங்கே சோதித்தவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஏசி போட்ட 24 டிகிரி அறையில், கேஸே இல்லாமல் திறந்த மேசையில் வைத்து ஓட்டியிருப்பார். அந்த மாணவரின் மாடி அறை சித்திரை மதியத்தில் 38 டிகிரி. அறை 14 டிகிரி கூடினால் கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அங்கே ஹாட்ஸ்பாட் 91-ல் அமைதியாக ஓடிய கார்டு இங்கே 105-ல் தத்தளிக்கிறது. இரண்டாம் முறை அனுப்பியபோது போனில் கேட்டார்கள்: ஓவர்கிளாக் செய்தீர்களா, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றினீர்களா? ஒருநாள் கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரியின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன் என்று அவர் உண்மையைச் சொன்னார். அதோடு வாரண்டி போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகிறேன். ஆஃப்டர்பர்னரில் நாம் மாற்றும் எண் கார்டுக்குள் பதிவாவதில்லை. கணினியை அணைத்தால் போய்விடும். மின் வரம்பை எவ்வளவு ஏற்றலாம் என்பதை நீங்களே கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அதைத் தாண்ட ஆஃப்டர்பர்னரால் முடியாது. மெமரியை அளவுக்கு மீறி ஏற்றினால், ஜிடிடிஆர்6எக்ஸ் தவறான தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். அதனால் வேகம் கூடுவதற்குப் பதில் பெரும்பாலும் குறையும். பயாஸை மாற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள், பலகையில் சால்டர் வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஸ்க்ரூவை இறுக்கிச் சிப்பின் மூலையை உடைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த நஷ்டம் எங்களுடையது. ஆனால் நீங்களே திறந்துவிட்ட எல்லைக்குள் ஒரு எண்ணை நகர்த்தியவரை அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நியாயமில்லை.

வாரண்டி போன பிறகு இழக்க என்ன இருக்கிறது, ஸ்டிக்கரைக் கிழித்தோம். ஹீட்சிங்க் வெடுக்கென்று வந்தது. சிப்பின் நடுப்பகுதி கண்ணாடிபோலப் பளபளத்தது, பேஸ்ட் முழுக்க நான்கு ஓரங்களில் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. மெமரிமேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருந்த பேடுகள் எண்ணெய் கசிந்து, விரலால் தொட்டதும் பிய்ந்தன. புதுப் பேஸ்ட், அதே தடிமனில் புதுப் பேடு. மறுபடி ரெண்டர் போட்டோம்: சிப் 69, ஹாட்ஸ்பாட் 81, மெமரி 90.

அடுத்து அண்டர்வோல்ட் செய்தோம், அதாவது சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைத்தோம். 0.85 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தியதும், 320 வாட் இழுத்த கார்டு 250-ஐ ஒட்டி இறங்கியது. ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதுவும் அதே ஆஃப்டர்பர்னரில் செய்ததுதான். உங்கள் போன் கேள்விக்கு இதற்கும் "ஆமாம்" என்றுதான் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் கேட்பது புதிதல்ல. ஈவிஜிஏ நிறுவனம் 2022-ல் கிராபிக்ஸ் கார்டு தொழிலை விடும்வரை, கூலரைக் கழற்றியவருக்கும், கார்டுக்குச் சேதம் இல்லையென்றால், வாரண்டி கொடுத்தது. அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு எதிராக 2018-லும் 2024-லும் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024-ல் கடிதம் போனவற்றில் கிராபிக்ஸ் கார்டு விற்கும் நிறுவனங்களும் இருந்தன. நம் ஒன்றிய அரசும் 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அமெரிக்காவில் செல்லும் விதி இங்கே, பேஸ்ட் சீக்கிரம் காயும் ஊரில், ஏன் செல்லக் கூடாது?

ஸ்டிக்கரை எடுத்துவிடுங்கள், அல்லது அது கிழிந்திருப்பதை மட்டும் வைத்து மறுக்காதீர்கள். சூடானால் வரும் கோளாறு என்று வாடிக்கையாளர் எழுதியிருந்தால், மூடிய கேஸில் வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் சீட்டில் அறை வெப்பநிலை, ஹாட்ஸ்பாட், மெமரி, எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்ற நான்கு எண்களை எழுதுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுதுங்கள், போனில் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இனி என் கடையிலிருந்து வரும் ஒவ்வொரு கார்டோடும் இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்து அனுப்புகிறேன். பக்கத்திலேயே உங்கள் எண்களுக்கு இடம் விட்டிருக்கும். அதை நிரப்பித் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு கணினிக் கடைக்காரர்