மீதி 18 பேர் கப்பலிலேயே இருக்கிறார்கள்: தமிழ் கேம் ஸ்ட்ரீமர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

கேம் ஆடிக்கொண்டே நீங்கள் நேரலையில் பேசும் லைவ் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்பதால் நானும் இப்படியே ஆரம்பிக்கிறேன். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வைஸ் சிட்டி கேம் ஆடிய தலைமுறை நான். உங்களை எனக்கு அறிமுகம் செய்தவன் அக்கா மகன். சாப்பிடும்போதும் அவன் போன் சொம்பில் சாய்ந்து நிற்கும், அதில் உங்களில் ஒருவர் ஏதாவது துப்பாக்கிச் சண்டை கேமில் எதிரிகள் மேல் பாய்ந்து ரஷ் போய்க்கொண்டிருப்பார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஒரே ஆளாக நான்கு பேர் கொண்ட எதிரி ஸ்குவாடை வீழ்த்தி நீங்கள் கிளட்ச் செய்யும்போது அவனோடு சேர்ந்து நானும் கத்தியிருக்கிறேன். அதனால் இது குறை சொல்லும் கடிதம் இல்லை. ஒரு விண்ணப்பம்.

நீங்கள் ஆடுவது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள், ஜிடிஏ ரோல்பிளே, இடையிடையே ஒரு பேய் கேம். பெரிய பட்ஜெட்டில் ஏதாவது வந்தால் அதுவும் ஒரு வாரம் ஓடும். வாரத்தில் ஒரே ஒரு நாள் இந்த வட்டத்தைத் தாண்டி வாருங்கள் என்று கேட்கிறேன். வியூஸ் குறையும் என்பீர்கள். குறையலாம். ஆனால் 2022 ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஜூலையில் பிஜிஎம்ஐ ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, திரும்பி வர அடுத்த வருடம் மே ஆனது. அந்த மாதங்களில் நான் பார்த்த சேனல்களில் சில, என்ன ஆடுவதென்று தெரியாமல் முழித்தன. ஒரே கிணற்றை நம்பி வயல் போட்டால் இதுதான் சிக்கல்.

நான் சொல்லப்போகும் கேம்களை உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஐஜிஎஃப் என்றொரு விழா நடக்கிறது, சின்ன டீம்களின் கேம்களுக்கு. அதில் 2015-ல் அவுட்டர் வைல்ட்ஸ், 2019-ல் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், 2020-ல் எ ஷார்ட் ஹைக், 2024-ல் வெண்பா. நான்கும் முதல் பரிசு வாங்கியவை. வெளியூரில் மாலை மரியாதை எல்லாம் முடிந்துவிட்டது, நம் தெருப் பக்கம்தான் இன்னும் தேர் திரும்பவில்லை.

முதலில் ஓப்ரா டின். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1802-ல் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பிய ஒரு கப்பல் நன்னம்பிக்கை முனைக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்து வருடம் கழித்து, ஆள் ஒருவரும் இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தில் வந்து ஒதுங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி உங்களை அனுப்புகிறது. ஆம், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே கம்பெனிதான். நீங்கள் வீரன் கிடையாது, துப்பாக்கி கிடையாது. இன்சூரன்ஸ் கணக்குப் பார்க்க வந்த ஆள், அவ்வளவுதான். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதைத் திறந்தால், முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பிறகு அந்த ஆள் செத்த நொடி அப்படியே உறைந்து நிற்கும். துப்பாக்கிப் புகைகூட அந்தரத்தில் நிற்கும், நாம் அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

கேம் காட்சி முழுக்க இரண்டே நிறம், பழைய கம்ப்யூட்டர் திரை மாதிரி புள்ளி புள்ளியாக. லூகாஸ் போப் என்பவர் இதன் பெரும்பகுதியைத் தனி ஆளாகவே செய்தார். வடிவமைப்பு, ஓவியம், நிரல், இசை எல்லாம் அவர்தான். என் பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதிலேயே தடுக்காமல் ஓடியது.

போன கோடை லீவில் அக்கா மகன் வந்திருந்தபோது இதை ஆடினோம். ஆங்கிலம் அவனுக்குச் சரளமாக வராது. நான் வசனத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, அவன் திரையைப் பார்த்தான். சில பேரை அவர்கள் பேசும் பேச்சை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்காட்லாந்து இங்கிலீஷுக்கும் அயர்லாந்து இங்கிலீஷுக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியாது. இருவரும் சமமாகத் திணறினோம். பதிலை எழுதியதும் சரி தப்பு சொல்லவும் மாட்டார்கள், மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் புத்தகத்தில் அச்சு விழும். ஒரு ராத்திரி முழுக்க ஒன்றும் நகரவில்லை. மாலுமிகள் வரிசையாகத் தூங்கும் ஒரு காட்சியில் நான் முகங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, தூளியில நம்பர் இருக்கு பாருங்க" என்றான். ஆள் பட்டியலிலும் அதே நம்பர்! (ஒரு தடயத்தை உடைத்துவிட்டேன், மன்னிக்கவும். இன்னும் நிறைய இருக்கின்றன.) அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள்.

அந்த 60 பேரில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். இரண்டு பேர் பயணத்தின் தொடக்கத்திலேயே நுரையீரல் நோயில் போய்விடுகிறார்கள், சண்டை கிண்டை எதுவும் இல்லை. கம்பெனிக் கணக்கில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை நிரப்பும்போது அவன் கேட்டான், "இவங்க வீட்டுக்குச் சொல்லியிருப்பாங்களா மாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஓப்ரா டின்னில் தமிழ் கிடையாது. அவுட்டர் வைல்ட்ஸிலும் கிடையாது. இரண்டும் படித்துப் புரிந்து ஆட வேண்டியவை, அதனால் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தக் கதவு திறக்காது. அந்தக் காலத்து டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார், எழுத்தே தெரியாதவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து உலக நடப்பை அலசுவார். அந்தப் படிக்கிற ஆள் நீங்கள்தான். நான் ஒரு பையனுக்குச் சொன்னதை நீங்கள் ஆயிரம் பேருக்குச் சொல்லலாம். உங்கள் சாட்டில் ஆயிரம் கண் இருக்கும்போது தூளி நம்பரெல்லாம் ஐந்து நிமிடத்தில் சிக்கிவிடும்.

அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பொறுக்கிச் சேர்க்க லூட் இல்லை, ஏற்றிக்கொள்ள லெவல் இல்லை, போன முறை தெரிந்துகொண்டது மட்டும்தான் கையிருப்பு. ஆடி முடித்தவர்கள் சாட்டில் வாய் திறந்தால் அந்த லைவே பாழ், மாடரேட்டர்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எ ஷார்ட் ஹைக் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முக்கியமான போன் ஒன்றுக்காகக் காத்திருக்கும் ஒரு குட்டிப் பறவை, டவர் கிடைக்கவில்லை என்று மலை ஏறுகிறது. கதை இவ்வளவுதான். மொட்டைமாடிக்கு ஓடி போன் பேசிய யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம்.

வெண்பா விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், 1988-ல் தொடங்கும் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது, விட்டுப்போன வரியை நாம் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது ஒரு புதிர்! வெளிநாட்டு ஸ்ட்ரீமர்கள் அதில் மாட்டிக்கொண்டு முழிப்பதை வீடியோவில் பார்த்தேன். என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "துணிய நனைச்சுப் போடச் சொல்லு" என்று திரையோடு சண்டை போட்டார். வாழ்நாளில் ஒரு கேமும் ஆடாதவர் அவர். ரேடியோவில் ஒவ்வொரு காலத்துத் தமிழ்ப் பட இசையின் சாயலிலும் பாட்டு வரும். இதைத் தமிழில் பேசிக்கொண்டே ஆடும் லைவைத் தேடினேன். ஆங்கிலத்தில் கிடைத்த அளவில் கால்வாசிகூட என் கண்ணில் படவில்லை.

ஒன்றே ஒன்று, வெண்பாவையும் பறவையையும் கடைசி வரை ஒளிபரப்பாதீர்கள். இரண்டும் ரொம்பச் சின்னவை, முழுக்கப் பார்த்துவிட்டவர் காசு கொடுத்து வாங்க மாட்டார், செய்தவர்கள் பாவம். பாதியில் நிறுத்தி, "மீதியை நீங்களே ஆடுங்க" என்று சொல்லுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும். ஓப்ரா டின்னுக்கு இந்தக் கவலை குறைவு, பதில் தெரிந்தாலும் அந்தக் கப்பலில் நடந்து பார்க்கத் தோன்றும்.

ஸ்கூல் திறந்து அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான். நாங்கள் 42 பேரைக் கண்டுபிடித்தோம், 18 பேர் பாக்கி. நான் தனியாக ஆடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். உங்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்கினால் இரண்டு ஊரிலிருந்தும் நாங்கள் லைவில் இருப்போம். 42 வரை சாட்டில் ஒரு குறிப்பும் கொடுக்க மாட்டோம். 43-ஆவது ஆள் வந்ததும் இரண்டு போனும் அணைந்துவிடும், தப்பாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சப்ஸ்கிரைபர் ஒருவனின் மாமா