பத்தாவது ஆள்: பாஸ்டனில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் யூத சபையின் இளைஞர் குழுப் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டதைக் கேட்டு மனசு குளிர்ந்துவிட்டது. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் ஷபாத் என்னும் வாராந்திர ஓய்வு நாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை விருந்துக்கு முதல்முறை வந்தபோது, "அக்கா, நான் யூதன் இல்லையே, உட்காரலாமா?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்ற பையன் நீ. இன்று நீ மற்றவர்களை உள்ளே அழைக்கிறாய்.

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். ஒயின் மாலை, பௌலிங், மலையேற்றம். நானும் முதல் வருஷம் இதைத்தான் செய்தேன். சட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டு நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த மாதமும் நாற்பது பேர், ஆனால் முக்கால்வாசி புது முகங்கள். போன மாதம் வந்தவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு பிப்ரவரி மாலை. பனி கொட்டுகிறது. எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் அம்மாவை இழந்திருந்தார். இறந்த பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கத்தீஷ் என்னும் அராமேய ஜெபத்தைச் சொல்ல வேண்டும், அதைத் தனியாகச் சொல்ல முடியாது, யூதர் பத்துப் பேர் சேர்ந்த மின்யான் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அன்று ஒன்பது பேர்தான். பக்கத்துத் தெருவில் குடியிருந்த, ஒயின் மாலைக்கு ஒரே ஒரு தடவை வந்துபோன பெண்ணுக்கு போன் போட்டேன். இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, ஈர பூட்ஸோடு ஓடி வந்தாள். அவளுக்கு அராமேய வரிகள் தெரியாது. "ஆமேன்" மட்டும் சொன்னாள். முடிந்ததும் பெரியவர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அதற்குப் பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். நான் கூப்பிடவே இல்லை.

யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவில் பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்று 1973-இல் அனுமதி வந்தது. அது வராமல் இருந்திருந்தால் அந்த போனுக்கு அர்த்தமே இல்லை.

கல்லூரியில் இருக்கும்வரை ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யூத வழிபாட்டு இடமான சினகாக்கோ பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்களை வைத்து ஓடுகிறது: ஹீப்ரு வகுப்பு, பதின்மூன்று வயதில் பையன் பெரியவனாவதைக் கொண்டாடும் பார் மிட்ஸ்வா. இரண்டுக்கும் நடுவில் இருபதுகளில் இருப்பவருக்கு அங்கே விருந்தாளி வேஷம்தான், வேலை கிடையாது. நீ வேலை கொடு. யூத வேதமான தோராவை வாசிக்கப் பழக்கு. துக்க வீட்டுக்கு ஏழு நாளும் சாப்பாடு போகும் பட்டியலை அவர்கள் கையில் கொடு. சமையலறைச் சாவியையும் கொடு. மூத்தவர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

உன் ஊருக்குப் பக்கத்தில் சாமர்வில்லில் ஹவுரத் ஷாலோம் என்ற சிறிய யூத வழிபாட்டுக் குழு இருக்கிறதே, ஒருமுறை போய்ப் பார். 1968-இல் இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. சம்பளத்துக்கு ரப்பி (மதகுரு) இல்லை, உறுப்பினர்களே நடத்துகிறார்கள். கலிபோர்னியாவில் 2006-இல் தொடங்கிய மொய்ஷே ஹவுஸும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்: நாலைந்து பேர் ஒரே வீட்டில் குடியிருக்க வாடகையில் ஒரு பங்கு கிடைக்கும், பதிலுக்கு அவர்கள் தங்கள் வயதுக்காரர்களை வீட்டுக்கு அழைத்து விருந்தும் விழாவும் நடத்த வேண்டும். இரண்டு இடத்திலும் வருகிறவர்களே வீட்டுக்காரர்கள்.

இன்னொன்று. 2010-க்குப் பிறகு திருமணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதர் அல்ல என்று பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தத் துணைகளை மின்யானில் எண்ண முடியாது, சரி. மேஜையில் இடம் உண்டு, மெழுகுவர்த்தி பக்கத்தில் நிற்க இடம் உண்டு, பாத்திரம் கழுவவும் இடம் உண்டு. வாசலில் நின்ற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் இரண்டு நிகழ்ச்சியை ஒன்றாகக் குறைத்துவிட்டு, மீதி வெள்ளிக்கிழமைகளில் ஆறேழு பேராக வீடுகளில் உட்காருங்கள். சைவமாகவே வைத்துக்கொண்டால் யூத உணவு விதி தடுக்கும்படி இறைச்சியும் பாலும் கலந்துவிடுமோ என்ற கவலை இருக்காது. மார்ச்சில் நான் பாஸ்டன் வருகிறேன். ஹாலா ரொட்டி இரண்டையும் நீ சுடு. என் பங்குக்கு உங்கள் அடுப்பிலேயே எலுமிச்சை சாதம் கிளறித் தருகிறேன். சூரியன் மறைய பதினெட்டு நிமிஷம் முன்னாலேயே விளக்கேற்ற வேண்டும், ஞாபகம் இருக்கட்டும். நான் மத்தியானமே வந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா