அந்தப் புல் அவர்களுடைய வெள்ளாமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த சுவிட்சர்லாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ரயில் சீட்டு, சாப்பாட்டுச் செலவு, எந்த மாதம் எங்கே பனி இருக்கும் என்பதெல்லாம் பயனுள்ள தகவல்கள். ஆனால் கட்டுரையோடு வந்த பெரிய படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை. பூவும் புல்லுமாக முழங்கால் உயரம் வளர்ந்த சரிவின் நடுவில் ஒரு குடும்பம் நிற்கிறது. ‘இங்கே படம் எடுக்கத் தவறாதீர்கள்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நிற்பது ஒரு விவசாயியின் நிலத்தில், அறுப்புக்குத் தயாராக இருக்கும் பயிரின் மேல்.

போன ஜூலையில் நானும் என் கணவரும் பெர்ன் மாநிலத்து மலைப்பகுதிக்குப் போயிருந்தோம். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் அருவி. பாறைக்கு மேலே ஒரு பக்கம் வெங்கன், எதிர்ப்பக்கம் மியூரன். இரண்டு ஊருக்குள்ளும் கார் போக முடியாது. வெங்கனுக்கு 1893 முதல், தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்து மலையேறும் பல்சக்கர ரயில் ஓடுகிறது. மியூரன் வரைக்கும் கூட்டம் வந்துவிடுகிறது. அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் கிம்மல்வால்ட் என்ற சின்ன ஊர். மர வீடுகள், சுவரோரம் அடுக்கிய விறகு, வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. ஆள் இல்லாத கடை ஒன்றுகூட இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

நாங்கள் போன நேரம் அங்கே புல் அறுப்பு. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான், அதனால் அங்கேயே நின்றுவிட்டேன். நிற்கவே கால் நடுங்குகிற சரிவில் ஒருவர் கையால் பிடித்துத் தள்ளும் அறுவை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வழுக்காமல் இருக்க அதன் சக்கரம் முழுக்க இரும்பு முள். இயந்திரம் எட்டாத பாறை ஓரங்களில் நீண்ட அரிவாளால் வீசி அறுக்கிறார்கள். பின்னாலேயே வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மரப்பல் வைத்த வாரியால் புல்லைக் கிளறிக் காயவிட்டு, காய்ந்ததைக் கீழே வாரித் தள்ளுகிறார்கள். மழை மேகம் வந்துவிட்டால் அத்தனை பேருக்கும் ஓட்டம்தான்.

கோடையில் மாடுகள் ஊரில் இருப்பதில்லை. இன்னும் மேலே உள்ள மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப்போய், செப்டம்பரில்தான் தலையில் பூச்சூட்டி இறக்கிக்கொண்டு வருவார்கள். இந்தப் பழக்கத்தை 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாடுகள் மேலே இருக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் ஊரைச் சுற்றியுள்ள புல்லை அறுத்துக் காயவைத்துக் கொட்டகை மாடியில் ஏற்றிவிட வேண்டும். பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் கட்டிக்கிடக்கும் மாட்டுக்கு அதுதான் தீனி.

அன்றைக்கு அந்தச் சரிவுக்குள் தமிழ் பேசும் ஒரு குடும்பம் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வயதான ஒரு அம்மா வாரியைப் பிடித்தபடி வந்து, சத்தம் போடாமல் பாதையைக் கை காட்டினார். அவர்களும் உடனே மன்னிப்புக் கேட்டு வெளியே வந்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்புறம் நாங்கள் பேச்சுக் கொடுத்தோம். பேத்தி ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். மிதிபட்ட புல் படுத்துவிடுமாம், கத்தி அதை அறுக்காமல் மேலேயே போய்விடுமாம். அதைவிடப் பெரிய பயம் குளிர்பானத் தகரக் குவளை. புல்லுக்குள் கிடக்கும் குவளை இயந்திரத்தில் சிக்கித் துண்டு துண்டாகி, தீனியோடு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. உள்ளே கிழித்துவிட்டால் மாடு பிழைப்பது கஷ்டம். அந்த அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியே இதைச் சொன்னார்.

கதிர் தள்ளிய நெல் வயலுக்குள் யாராவது இறங்கினால் நாம் பார்த்துக்கொண்டு நிற்போமா?

அந்த மலை அவ்வளவு அழகாக இருப்பதற்கே இந்த உழைப்புதான் காரணம். அறுக்காமல் விட்டால் சில வருடங்களில் புதர் ஏறி, பிறகு காடாகிவிடும். அறுக்காத நீளப் புல் பனியின் கனத்தில் சாய்ந்து படுத்துவிடும், மேலே கிடக்கும் பனி அதில் வழுக்கிச் சரிவதும் எளிதாகிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் சரிவு நிலத்தில் பாடுபடுகிறவர்களுக்கு அந்நாட்டு அரசு தனியாகப் பணம் தருகிறது. நிலத்தைப் பேணுவதும், ஒதுக்குப்புற ஊர்களில் ஆட்கள் தொடர்ந்து குடியிருக்க வழி செய்வதும் விவசாயத்தின் கடமை என்று 1996-இல் மக்களே வாக்களித்து அரசியல் சாசனத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

கூட்டம் தாங்காமல் அந்த ஊர்கள் இப்போது திணறுகின்றன. பக்கத்திலேயே பிரியன்ஸ் ஏரிக்கரையில் உள்ள இசெல்ட்வால்ட் என்ற ஊரில், ஒரு கொரியத் தொடரில் வந்த படகுத்துறையில் கால் வைக்க 5 பிராங்க் வாங்குகிறார்கள். காரில் வந்து போகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று லாட்டர்புருன்னனிலும் 2024-இல் பேச்சு எழுந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்களிடம் கேட்பது இதுதான். இனி மலை ஊர்களைப் பற்றி எழுதும்போது ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது சேர்த்துப் போடுங்கள். மஞ்சள் பலகை காட்டும் பாதையை விட்டு இறங்கக் கூடாது, வேலிக்கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், கன்றோடு நிற்கும் பசுவின் பக்கம் போகவே கூடாது (அது முட்டி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்), குப்பையைக் கையோடு கொண்டுவர வேண்டும். பயண ஏற்பாட்டாளர்களும் ஒரே நாளில் பனிச்சிகரத்தைக் காட்டிவிட்டு நகரத்துக்கு ஓட்டிவராமல், ஒரு இரவாவது இந்த ஊர்களில் தங்க வைக்கலாம். தங்கினால் அந்த ஊர்க்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கும், காலையில் அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

கோடை விடுமுறைக்கான முன்பதிவு தை மாதமே தொடங்கிவிடுகிறது. அதற்குள் இதை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்