33 எஞ்சின்களும் ஒரு நிகழ்தகவுக் கணக்கும்: மட்டக்களப்பு மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தரம் 11 இல் நிகழ்தகவு என்றதும் நாணயமும் தாயக்கட்டையும் வந்துவிடுகின்றன. அதைப் படிக்கிற பிள்ளைகளின் போனிலோ ஸ்டார்ஷிப் ரொக்கெட் வெடித்துச் சிதறும் வீடியோ. “இவ்வளவு காசைக் கொட்டியும் வெடிச்சுப் போச்சே” என்று சிரிப்பதோடு சரி. அடுத்த தவணையில் அதையே கணக்காகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஸ்டார்ஷிப்பைத் தூக்கிச் செல்லும் கீழ்க்கட்டமான சூப்பர் ஹெவியில் 33 ராப்டர் எஞ்சின்கள். ஓர் எஞ்சின் பழுதின்றி ஓடும் நிகழ்தகவு 0.99 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்த எண்). 33 உம் ஓடுவதற்கு 0.99 இன் 33 ஆம் அடுக்கு, ஏறத்தாழ 0.72. தனித்தனியே இவ்வளவு நல்ல எஞ்சின்கள், சேர்ந்தால் இந்த நிலை! ஒன்று நின்றாலும் பரவாயில்லை என்று வடிவமைத்தால் 0.96 ஆக ஏறிவிடும். 2024 ஜூனில் நான்காவது பறப்பில் அப்படித்தான் நடந்தது. மேலே போகும்போதே ஓர் எஞ்சின் நின்றது. ஆனாலும் சூப்பர் ஹெவி கடலில் மெதுவாக வந்து இறங்கியது.

அப்புறம்தான் ருசியான பகுதி. இந்தக் கணக்கு, எஞ்சின்கள் சாரா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று நிற்பது மற்றதைப் பாதிக்காது என்று நம்புகிறது. வாழைச்சேனைத் துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவரைக் கேளுங்கள்: மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே நிற்கும். 2023 ஏப்ரல் 20 ஸ்டார்ஷிப்பின் முதற் பறப்பில் எரிபொருள் கசிந்து அடிப்பாகத்தில் தீப்பிடித்தது; பிரதான கணினியோடு இருந்த தொடர்பே அறுந்தது. எஞ்சின் ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும் கணக்குக்குள் இது வராது.

சோவியத்தின் என்1 ரொக்கெட்டையும் சொல்லுங்கள். முதற்கட்டத்தில் 30 எஞ்சின்கள். 1969 இலிருந்து 1972 வரை நான்கு தடவை ஏவினார்கள், நான்கும் தோல்வி. அந்த எஞ்சினின் சில வால்வுகள் ஒருமுறைதான் வேலை செய்யும். ஆகவே பறக்கப்போகும் எஞ்சினை முன்கூட்டியே எரித்துப் பார்க்க வழியில்லை. தொகுதிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்துவிட்டு மற்றவற்றைப் பொருத்தினார்கள். மாதிரியெடுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ராப்டரைத் திரும்பத் திரும்ப எரிக்கலாம். 2025 மே மாதப் பறப்பில் 33 இல் 29 ஏற்கெனவே பறந்தவை. மேலே கொண்டுபோகும் வேலையை அவை முடித்தன. இறங்கும்போதுதான் சூப்பர் ஹெவி உடைந்தது.

கணிப்பான் தேவையில்லை, மடக்கை அட்டவணை போதும். 0.72 வருவதற்கு ஒரு பாடவேளை, அந்த 0.72 ஐ நம்பலாமா என்று பிள்ளைகள் சண்டை பிடிக்க இன்னொன்று.

இப்படிக்கு,
தரம் 11 மாணவி ஒருத்தியின் தந்தை,
கல்லடி