அயோமியின் விரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெவி மெட்டல் ராக் இசையின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிளாக் சபாத் இசைக்குழுவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை வௌவால் கதையே தின்றுவிட்டது. 1982 ஜனவரியில், அமெரிக்காவின் டி மாயின் நகரில், மேடையில் வந்து விழுந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துப் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் கடித்தது உண்மைதான். ஆனால் அந்தக் குழு அவரை 1979-லேயே வெளியே அனுப்பிவிட்டது!

எழுதியிருக்க வேண்டியது அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் விரல்களைப் பற்றி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உலோகத் தகடு ஆலையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன். வேலைக்கு அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை; வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பினார். வராத ஆளுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் நின்றார். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர். கிட்டார் தந்தியை அழுத்துவது வலது கைதான்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டி, இவர் இரண்டே விரல்களால் வாசிக்கிறார் என்று தைரியம் சொன்னவர் ஆலையின் மேலாளர். அப்புறம் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார்.

முதல் ஆல்பத்திலேயே சுருதியைத் தாழ்த்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1970 பிப்ரவரி 13-ல் வந்த அது வழக்கமான சுருதிதான். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான் சில பாட்டுகளுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தளர்ந்த தந்தி விரலை அவ்வளவு வருத்தாது, ஒலியும் கனத்தது. பின்னால் வந்த டூம் மெட்டல் (மெதுவான, கனத்த ஹெவி மெட்டல்) குழுக்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

முதல் ஆல்பத்தின் அச்சம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் முதல் பாட்டில் மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரம்: சட்ஜம், மேல் சட்ஜம், இறங்கிப் பிரதி மத்தியமம். நமக்குக் கல்யாணியில் சாதாரணமாகக் கேட்கும் சுரம்தான். பஞ்சமத்துக்குப் போகாமல் அங்கேயே நிறுத்தி அதிரவிடுவதில்தான் அந்தப் பாட்டின் மிரட்டல் இருக்கிறது.

இன்னொன்று. பாட்டு வரிகளை எல்லாம் ஓஸி கணக்கில் எழுதிவிட்டீர்கள். பெரும்பாலானவை பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர் எழுதியவை. டிரம்ஸ் வாசித்த பில் வார்டின் பெயரையே காணோம். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில், ஓஸி இறப்பதற்கு 17 நாள் முன்பு, இந்த நால்வரும்தான் மேடையேறினார்கள். அடுத்த பகுதியிலாவது பட்லருக்கும் வார்டுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி